கிளட்ச் மூடி

பழைய டிராக்டர் ஒன்று கண்ணில் பட்டால் நம்பர்காரர் அதன் முகத்தைப் பார்க்க மாட்டார், விலாவைத் தடவுவார். தகட்டில் இருக்கும் வரிசை எண்ணையும், இரும்பை வார்த்தபோதே அதில் பதிந்த தேதியையும் படித்து, இது இன்ன வருஷத்து வண்டி, இந்தப் பாகம் அசல், அந்தப் பாகம் ஒட்டு என்று புட்டுப்புட்டு வைப்பார். அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சு கிடையாது. மறுபேச்சே கேட்காத காது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

அக்கா மகள் போன் செய்தாள். அப்பாவின் கொட்டகையை அம்மா காலி செய்கிறாள், டிராக்டரைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தாயிற்று, சாயங்காலம் லாரி வருகிறது, வண்டியோ கியரில் சிக்கி அசைய மாட்டேன் என்கிறது, எனக்கு வேறு யாரையும் தெரியாது மாமா என்றாள். அப்படிச் சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியுமா? போனார். அக்கா கதவைத் திறந்தாள், கொட்டகைச் சாவியை நீட்டினாள், உள்ளே போய்விட்டாள். வா என்று ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு வருஷமாக இல்லாதது இன்றைக்கா வந்துவிடும்?

அந்த வண்டி அக்கா, தம்பி இருவருடைய அப்பாவின் வண்டி. செடி வரிசைகளுக்கு நடுவே ஓடுவதற்கென்றே செய்தது. முன்சக்கரம் இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் போல நடுவில் நிற்கும். பின்சக்கரங்கள் ஆளுயரத்துக்கு, அகல விரிந்திருக்கும். வரிசையின் இடைவெளிக்குத் தக்கபடி அவற்றை அச்சிலேயே நகர்த்திக்கொள்ளலாம். அப்பா போன பிறகு அக்கா வீட்டுக்காரரான அத்தான்தான் அதைக் கொட்டகையில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அத்தான் லேத் பட்டறைக்காரர். பேச்சு சொற்பம், வேலை சுத்தம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய இயந்திரங்களின் காட்சிக்கூடம் ஒன்றிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அசல்தான் என்று நம்பர்காரர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால், அப்பாவின் பெயரைப் போட்டு வண்டியை உள்ளே நிறுத்துவதாகச் சொன்னார்கள். சொந்தபந்தமெல்லாம் கூடி நின்றது. இவர் குனிந்து, எஞ்சினின் இரும்பு உடம்பான பிளாக்கின் வார்ப்புத் தேதியைப் படித்தார். தகட்டில் உள்ள வருஷத்தைவிட அது ஒன்பது வருஷம் பிந்தியது. வண்டி பிறந்து ஒன்பது வருஷம் கழித்து அதன் வயிறு பிறக்குமா? அந்த பிளாக்கில்தான் தகடு அறைந்திருந்தது. ஆணிகளும் கம்பெனி ஆணிகள் இல்லை. அவ்வளவு போதாதா அவருக்கு?

"இது அப்பா வண்டி இல்ல. தகடு மட்டும்தான் அப்பாவோடது. அதைக் கழட்டி வேற வண்டியில அடிச்சிருக்காங்க" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி.

யார் அடித்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன, வண்டி இருந்தது அத்தான் கொட்டகையில். மாமனார் வண்டியை விற்றுத் தின்றுவிட்டு ஓட்டை உடைசலில் தகட்டை அறைந்தவர் என்ற பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அத்தான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டார்.

"மாப்பிள, எதுக்கும் அந்தக் கிளட்ச் மூடியையும் ஒரு தடவ கழட்டிப் பாரேன்."

"நம்பரே சொல்லிடுச்சு அத்தான். மூடி என்ன புதுசா சொல்லப் போகுது?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அத்தான் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டார். போன வருஷம் இறக்கும்வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார்; சாவுக்கு வந்த நம்பர்காரரும் வாசலோடு திரும்பினார்.

இப்போது கியர் சிக்கியதற்கு வழி ஒன்றுதான். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட கிளட்ச்சை விடுவிக்க வேண்டும். அதற்கு அடியில் இருக்கும் மூடியைக் கழற்ற வேண்டும். சாக்கை விரித்து மல்லாந்து படுத்தார். வண்டி முழுக்கத் துரு, எதைத் தொட்டாலும் உதிர்ந்தது. மூடியின் இரண்டு போல்ட் மட்டும் ஸ்பேனர் பட்டதும் வெண்ணெய் போலச் சுழன்றன. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மூடி கைக்கு வந்ததும் உட்பக்கத்தில் டார்ச் அடித்தார்.

எந்த வேலை செய்தாலும், யார் கண்ணிலும் படாத இடத்தில் தேதியையும் காரணத்தையும் புள்ளி புள்ளியாகக் குத்தி வைப்பது அத்தானின் வழக்கம். இதிலும் இருந்தது. ஒரு தேதி. அதன் கீழே: "தண்ணி இல்லாம ஓடுச்சு. பிளாக் விரிசல். வேற பிளாக்."

அந்தத் தேதி நம்பர்காரருக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? பதினேழு வயதில் அவர் தொழிற்பயிற்சிப் பள்ளிக்குப் புறப்பட்ட வாரம் அது. புறப்படுவதற்கு முந்தின நாள், கழுவுவதற்காக அப்பா ரேடியேட்டர் தண்ணீரை வடித்து வைத்திருந்தார். அது தெரியாமல், சிநேகிதர்களுக்கு முன்னால் பெருமையடிக்க இவர் வண்டியைக் கிளப்பி, ஏதோ வெடித்த சத்தம் கேட்கும்வரை ஓட்டினார். ஒரு குழாய்தான் போச்சு, சின்ன வேலை என்று அப்பா முதுகில் தட்டி அனுப்பிவைத்தார். இவரும் இன்றுவரை அதை நம்பியிருந்தார். ஊரார் வண்டியின் ரகசியத்தையெல்லாம் படித்த மனுஷன், தன் கையால் உடைத்ததை அடையாளம் தெரியாமல் நின்றிருக்கிறார். மூடியை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே படுத்துக் கிடந்தார்.

உள்ளே அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் மூடியை அவள் முன்னால் வைத்தார்.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது. பிறகு நிறுத்தாமல் சொன்னாள். எஞ்சின் படிக்கப் போகிற பிள்ளை, முதல் எஞ்சினையே உடைத்தவன் என்று தெரிந்தால் கை நடுங்கிப்போகும், அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார். அத்தான் வாக்குக் கொடுத்து, வேறு பிளாக்கைப் பொருத்தி, பழைய பிளாக்கில் இருந்த தகட்டை அதில் அறைந்தார். அன்றைக்கு நாலு பேர் முன்னால் அவள் வாயைத் திறக்கப் போனபோது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியதும் அவர்தான். நம்பரை நம்பிப் பிழைக்கிறவன், எல்லார் முன்னாலும் அவன் தப்பு என்று காட்டினால் பிழைப்பு போய்விடும், அவனாகத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றாராம். கடைசிவரை அதையேதான் சொன்னாராம்.

லாரியைத் தானே திருப்பி அனுப்பிவிடுவதாக நம்பர்காரர் சொன்னார். பிளாக்கை உடைத்தது நான், தப்பாகச் சொன்னதும் நான் என்று எழுதிக் காட்சிக்கூடத்துக்குக் கொடுப்பதாகவும், அன்றைக்கு நின்ற ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்வதாகவும் சொன்னார்.

"சொல்லு" என்றாள் அக்கா. மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "மூடி சுலபமா வந்துச்சா?"

"வந்துச்சு."

"வரும். நீ வந்தா சட்டுனு கழறணும்னு வருஷா வருஷம் அந்த ரெண்டு போல்ட்டுக்கு மட்டும் கிரீஸ் வச்சுட்டிருந்தாரு."