ரஹ்மாவின் மேல் ஒரு துளை

1

இந்தக் கதை என் தப்பில் பிறந்தது. நைல் கரையில், பாழடைந்த பழைய நகரமான ஃபுஸ்தாத்தின் மண்மேட்டில் ஒரு பழைய கூஜாவின் கழுத்துச் சில்லு கிடைத்தது. கழுத்துக்குள் தண்ணீரை வடிகட்டும் மண் சல்லடை, அதில் செதுக்கிய சொல். 'ஸஹ்மா' என்று படித்தேன். நெரிசல். குடிதண்ணீர்க் கூஜாவில் போய் யாராவது அதை எழுதுவார்களா? துடைத்துப் பார்த்தால் 'ரஹ்மா'. கருணை! முதலெழுத்தின் மேலிருந்த புள்ளி வெறும் அழுக்கு. எங்கள் அரபு எழுத்தில் குடி கெட ஒரு புள்ளி போதும்.

2

'சூளைப் புகை வானத்தை மறைக்க…'

(வேண்டாம். புகை இல்லாமல் குயவர் கதையே கிடையாதா?)

மறுபடியும். துர்ஃபா சல்லடை செதுக்குகிறவள். உம்மு ஸாலிம் என்ற விதவை, இறந்த மகன் பெயரில் வைக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கு நாற்பது கூஜா கேட்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் 'ரஹ்மா' இருக்க வேண்டும். தண்ணீர் சரியாக இறங்காது, இன்னொரு துளை போடு என்றான் கணவன் கலஃப். போட்டாள், முதலெழுத்துக்கு நேர் மேலே, நாற்பதிலும். சூளையைப் பிரித்த பிறகுதான் படித்துப் பார்த்தாள்: துளை புள்ளியாகி, நாற்பதிலும் 'ஸஹ்மா'.

(மகன் செத்தது நைல் வெள்ளத் திருவிழா நெரிசலில். ரொம்ப வசதியாக இருக்கிறதே என்கிறீர்களா? நானும் அடித்துவிட்டுக் காய்ச்சல் என்று எழுதிப் பார்த்தேன். துர்ஃபா அதை ஒரு தப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நெரிசலுக்கே திரும்பினேன்.)

3

"கழுத்துக்குள்ள யாருடி எட்டிப் பார்க்கப் போறா?" என்றான் கலஃப்.

"பெத்தவ பார்ப்பா."

"நாளைக்குப் பந்தல் திறக்கணும். துளையில சுண்ணாம்ப அடைச்சுக் குடுத்துடலாம்."

"நாலு நாள்ல கரைஞ்சுடும். அப்புறம் எதை வச்சு அடைப்பீங்க, உங்க தலைப்பாகையையா?"

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சுண்ணாம்பு முடிவு எனக்குப் பிடித்திருந்தது. எழுதவும் தொடங்கினேன்: 'துர்ஃபா சுண்ணாம்பைக் குழைத்து…' அவள் குழைக்கவில்லை. ஒரு கூஜாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

4

உம்மு ஸாலிம் கதவைத் திறந்தாள்.

"அக்கா, தப்பு என்னோடது," என்றாள் துர்ஃபா. "உங்க புள்ளையக் கொன்ன சொல்லை என் கையாலயே செதுக்கிட்டேன். மன்னிக்கச் சொல்லி வரலை. ஊரான் வாயால நீங்க கேட்கக் கூடாதுன்னுதான் வந்தேன். இதை உடைங்க. பதினஞ்சு நாள்ல நாப்பதும் புதுசாத் தரேன். நீங்க வேண்டாம்னாலும் செய்வேன்."

தாய் கூஜாவை வாங்கிக் கழுத்துக்குள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வரிக்கு ஆறு வரைவு எழுதினேன். ஒன்றில் உடைக்கிறாள். ஒன்றில் துர்ஃபாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். ஆறும் பொய். நான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் இல்லை. உங்களில் யாராவது பறிகொடுத்திருந்தால், அந்த வரியை நீங்கள் எழுதுங்கள். துர்ஃபா வாசலிலேயே நிற்கிறாள். பதில் கேட்காமல் போகமாட்டாளாம்.