கம்புகள் அவனிடம், துணி அவளிடம்

டார்ட்மூர் மேட்டில் காற்று மேற்குக்குத் திரும்பியபோதே டாம்சினுக்குத் தெரிந்துவிட்டது, பொழுது சாய்வதற்குள் மூடுபனி இறங்கும் என்று. கணவன் ஜைல்ஸிடம் அதைச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவன் அருகில் இருந்தால்தானே? ஹெதர் புதர்கள் பூத்து ஊதா விரித்த சரிவில் அவனுடைய முதுகுப்பை மட்டும் சிவப்புப் புள்ளியாய் ஏறிக்கொண்டிருந்தது.

மேலே ஒரு பாறையைக் கண்டு அவன் அமர்ந்தான். தேநீர் ஊற்றிக் குடித்தான். கால்களை நீட்டிக்கொண்டான். எட்டு வயது மகள் பிரையனியைக் கைப்பிடித்து இழுத்தபடி டாம்சின் அங்கே போய்ச் சேர்ந்த அந்தக் கணத்தில் எழுந்தான்.

"வந்துட்டீங்களா? சரி, போலாமா?"

காலையிலிருந்து ஒவ்வொரு பாறையிலும் இதே கதைதான். முந்தி நடப்பவனுக்கு ஓய்வுக்கு மேல் ஓய்வு. பிந்தி வருகிறவர்களுக்கு நிற்கக்கூட நேரமில்லை. சனிக்கிழமைதோறும் சாரணப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, மெதுவாக நடப்பவரே முன்னால் போகவேண்டும் என்று உபதேசிக்கிறவன் இவன். ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு நீதி, தான் பெற்ற பிள்ளைக்கு வேறொன்று!

"அப்பா, குதிகால் எரியுது."

"கொஞ்சம் எரியத்தான் செய்யும். அப்பதான் கால் பழகும். உச்சிப் பாறைக்குப் போயிட்டா கூடாரம் போட்டுடலாம். அங்கேருந்து கடலே தெரியும்!"

"மூடுபனி வருது ஜைல்ஸ். கடல் என்ன, உன் கட்டைவிரல்கூடத் தெரியாது."

"ஒரு மேகத்தைப் பாத்துடக்கூடாதே, உடனே ஆரம்பிச்சுடுவே," என்று சிரித்துக்கொண்டே அவன் நடந்துவிட்டான்.

அந்தச் சிரிப்புதான் டாம்சினின் நெஞ்சில் நெருப்பாய் விழுந்தது. காலையில் காரிலும் இப்படித்தான் சிரித்தான். "இதுதான் கடைசி. இனிமே என்னை இந்த மேட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க," என்று பிரையனி சொன்னபோது, அதை விளையாட்டாய் எடுத்துக்கொண்டவன் அவன் ஒருவனே. டாம்சினோ தாயின் முதுகில் தொங்கியபடி இந்த மேட்டுக்கு வந்தவள். சிற்றாலயத்தில் பாடிய துதிகளைக் காட்டிலும், வானம்பாடி விண்ணேறிப் பாடிய துதியைக் கேட்டே இறைவனை நம்பியவள். தான் வரமாய்ப் பெற்றதை மகள் சாபமென்று தள்ளப்போகிறாள். அதற்கான வேலையை ஒருவன் தேநீர் குடித்துக்கொண்டே செய்துகொண்டிருக்கிறான்.

மூடுபனி வந்தது. முதலில் உச்சி மறைந்தது, பிறகு சரிவு, பிறகு சிவப்புப் புள்ளி. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பழைய ஆட்டுப்பட்டியின் கற்சுவர் மட்டும் எஞ்சியது. அதன் மறைவில் மகளை உட்காரவைத்துக் காலணியைக் கழற்றினாள். காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. உரித்தபோது குழந்தை அலறவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டது. அந்தப் பொறுமையைக் காணக் காண டாம்சினின் சினம் மூண்டது.

மேலிருந்து நீண்ட விசில் ஒன்று கேட்டது. சாரணர்களை அழைப்பானே, அதே விசில்.

"அம்மா, அப்பா கூப்பிடுறாங்க."

"கேக்குது."

"போகணுமா?"

"வேண்டாம்."

காயத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டி, தன் பையிலிருந்த கூடாரத் துணியை எடுத்து மகளைச் சுற்றினாள். சுமையைப் பகிர்வது அவன் யோசனை: துணி அவளிடம், கம்புகள் அவனிடம். துணியில்லாமல் உச்சியில் அந்தக் கம்புகளை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? அவரைக்கொடி படர விடுவானா?

பிரையனியின் பற்கள் குளிரில் தந்தியடிக்கத் தொடங்கின. டாம்சின் தன் விசிலை எடுத்தாள். ஆறு முறை ஊதினாள். மேட்டில் நடப்பவர் எவரும் ஆபத்தன்றி ஊதாத ஊதல் அது. விளையாட்டுக்கு ஊதுவது பாவம். டாம்சின் விளையாடவில்லை.

கேட்டேன் என்று மேலிருந்து மூன்று ஊதல்கள் விடை சொல்லின. அவன் வழி தவறாதிருக்க விட்டு விட்டு ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் இடுப்புவரை சேறு பூசிய உருவமொன்று பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது.

"யாருக்கு... என்ன ஆச்சு? விழுந்துட்டாளா?"

அவள் இரத்தம் தோய்ந்த காலுறையைத் தூக்கிக் காட்டினாள்.

"கொப்புளமா? ஒரு கொப்புளத்துக்கா ஆறு ஊதினே? சேத்துல விழுந்து புரண்டு ஓடி வரேன். எனக்கு உயிரே போயிடுச்சு, டாம்சின்!"

"போன உயிர் திரும்பி வந்துடுச்சுல்ல." அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். "வந்துட்டியா? சரி, போலாமா?"

"இரு, இரு. மூச்சு வாங்குது. ஒரு நிமிஷம் உக்கார விடு."

டாம்சின் நின்றபடியே இருந்தாள். துணிச்சுருளுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது:

"கொஞ்சம் மூச்சு வாங்கத்தான்பா செய்யும். அப்பதான் நெஞ்சு பழகும்."

சொல்லிவிட்டுப் பிரையனி சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்த முதல் சிரிப்பு. ஜைல்ஸின் முகம் காதுவரை சிவந்தது.

"உச்சிக்கு யாரும் போகப்போறதில்லை," என்றாள் டாம்சின். "இந்தச் சுவருக்குப் பின்னால ஓடுற கால்வாய்க் கரையோட கீழே இறங்குறோம். பிரையனி முன்னால. அவ பின்னால நீ. கடைசியில நான். நீ ஊருக்கெல்லாம் சொல்ற விதிதானே?"

"வரைபடம் பாக்காம எப்படி..."

"கால்வாய் கீழேதான் போகும் ஜைல்ஸ். அதுக்கு வரைபடம் எதுக்கு?"

கரை ஒற்றையாள் அகலம், முந்திச்செல்ல வழியில்லை. நொண்டி நொண்டி வைக்கும் சின்ன அடிகளுக்குப் பின்னே அவன் நெடிய காலை எடுப்பதும், பாதியில் நிறுத்துவதுமாய் வந்தான். ஒவ்வொரு முறையும் பைக்குள் கம்புகள் கலகலத்தன. அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே நடந்த டாம்சினுக்குச் சினம் தணியவில்லை. தணியவேண்டும் என்று அவள் விரும்பவுமில்லை.

இறங்க இறங்கப் பனி மெலிந்தது. கால்வாயின் மறுகரையில் மட்டக்குதிரை ஒன்று மேய, அதன் வயிற்றடியில் நனைந்த குட்டி முட்டிமுட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பிரையனி நின்றுவிட்டாள். நின்றவள் நின்றவள்தான். ஜைல்ஸ் வாயைத் திறந்தான். முதுகில் பதிந்த பார்வை உறைத்ததோ என்னவோ, மூடிக்கொண்டான்.

"அம்மா," என்றாள் பிரையனி, தாழ்ந்த குரலில். "இங்கயே படுத்துக்கலாமா? காலையிலயும் குட்டி இருக்குமா?"

"இருக்கும் கண்ணு."

"இங்க தரை சமமாவே இல்லையே," என்றான் ஜைல்ஸ். "உச்சியில பாத்தா..."

டாம்சின் துணியைப் புல்லின்மேல் விரித்தாள். பிறகு, அவன் முகத்தைப் பாராமலே கையை நீட்டினாள்.

"கம்பு," என்றாள்.