நெஞ்சைத் தட்டியவன்

1

இந்தக் கதை ஒரு செய்தித்தாள் தலைப்பிலிருந்து பிறந்தது. கலையார்வத்தில் பிறந்தது என்று சொல்ல ஆசைதான், ஆனால் பிறந்தது எரிச்சலில். 'தொழில்முறை ஆட்டத்துக்குப் பழக முடியாமல் தடுமாறும் புதுமுகம்' என்று போட்டிருந்தார்கள். கீழே ஒரு புகைப்படம். தலைக்கவசம் போட்ட ஒருவன் வலது கையால் தன் நெஞ்சைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

தடுமாறினானாம். அவன் எங்கே தடுமாறினான் என்று அந்த நிருபருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஏழு நொடிப் படம் ஒன்று என் கணினியில் இருக்கிறது.

நான் ஒரு அமெரிக்கக் கால்பந்து அணியில் படம் வெட்டுகிறவன். பதினெட்டு வருஷமாக இதே வேலை. மைதானத்தின் பக்கவாட்டில் ஒரு கேமரா, கோலுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு கேமரா. இரண்டும் எடுப்பதைத் துண்டு துண்டாக வெட்டிப் பயிற்சியாளர்களுக்குக் கொடுப்பேன். பயிற்சியில் எடுக்கும் படம் அணியின் சொத்து, வாசலைத் தாண்டாது. ஏரிக்கரையில் இருக்கும் ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அணியின் பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும்.

[மேலே உள்ள கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படித்துவிடுங்கள். கதையின் வில்லன் அதில்தான் உள்ளே வருகிறான்.]

2

முதல் தொடக்கம்:

'ஜாவாரியஸ் பெட்டிவே அலபாமாவிலிருந்து இரண்டு பைகளோடு வந்து இறங்கியபோது மழை கொட்டி—'

மழையெல்லாம் இல்லை. ஜூலை மாதம், மண்டையைப் பிளக்கும் வெயில். ஏழை வீட்டுப் பையன் எங்கே வந்து இறங்கினாலும் மழையைக் கூப்பிட்டுவிடுகிறது இந்தப் பேனா. கைவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்:

'பந்து அவன் விரல்களில் பட்டு நழுவியது. மறுபடியும் நழு—'

இது மழையைவிட மோசமான பொய். பெட்டிவே பந்தைப் பிடிப்பவன். ஓடிப்போய், எறிபவர் வீசும் பந்தை வாங்குவதுதான் அவன் வேலை. பயிற்சி முகாம் முழுக்க அவனுக்கு வந்த நூற்றுப் பதினெட்டு பந்தில் இரண்டைத்தான் விட்டான். எண்ணியவன் நான்.

ஆனால் பந்தை விட்டு விட்டு, அழுது, கடைசி நொடியில் ஒன்றைப் பிடிக்கிற பையன்தான் எல்லாருக்கும் வேண்டும். உங்களுக்கும்தான், மறைக்காதீர்கள். அப்படிப்பட்ட படங்களைப் பின்னணி இசை போட்டு நானே எத்தனையோ வெட்டியிருக்கிறேன். பெட்டிவேயின் கஷ்டம் கையில் இல்லை. கல்லூரியில் ஓரத்தில் நிற்பவர்கள் ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள், அவன் ஓடுவான், அவ்வளவுதான் ஆட்டம். இங்கே அறுநூறு ஆட்ட வகைகள். ஓடிக்கொண்டே எதிராளியைப் பார்த்து, எந்தப் பக்கம் போவது என்று அவனே முடிவு செய்ய வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள அவன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வாகன நிறுத்தத்தில் காகிதக் கோப்பைகளை எதிராளிகளாக நிறுத்தி, மதிய வெயிலில் தனியாக நடந்து நடந்து பார்ப்பான்.

கற்றுக்கொண்டான் என்பதுதான் என் கோபம். கற்றுக்கொள்ளாமல் இருந்திருந்தால் இந்தக் கதையே வேண்டாம்.

3

மூன்றாம் தொடக்கம். இது உண்மையில் நடந்தது, அதனால் விட்டுவைக்கிறேன். இடம், அணியின் சாப்பாட்டுக் கூடம்.

"மாமா, இங்க உக்காரலாமா?"

[அவன் ஊரில் வயதில் மூத்த ஆண் யாராக இருந்தாலும் மாமாதான். இந்த ஒரு விஷயத்தில் அலபாமாவுக்கும் எங்கள் ஊருக்கும் சண்டையே கிடையாது.]

பெட்டிவே தட்டைத் தள்ளிவிட்டு மேஜையில் உப்பு, மிளகு, சாஸ் பொட்டலங்களை அடுக்கினான். "உப்பு நான். மிளகு என்னக் காவல் காக்கறவன், எதிராளி. நான் பத்து கெஜம் ஓடறேன். மிளகு பின்னால தள்ளி நின்னான்னா, நான் சட்டுனு நின்னு திரும்பிடணும். ஒட்டி நின்னான்னா, அவனத் தாண்டி ஓடிடணும். சரியா மாமா?"

"சாஸ் பொட்டலம் யாரு?"

"அது ஹஃப். பந்து எறியறவரு. நான் திரும்பறதுக்கு முன்னாடியே எறிஞ்சிடுவாரு. அதனால நான் பாக்கறதையே அவரும் பாக்கணும், அதே நொடியில."

"ரெண்டு பேரும் வேற வேற மாதிரி பாத்தா?"

பக்கத்து மேஜையில் குவின்சி சிரித்தார். ஒன்பது வருஷமாகப் பந்து பிடிக்கிறவர். இரண்டு முழங்காலிலும் ஐஸ் கட்டியிருந்தார். "அப்ப சம்பளம் கம்மியா வாங்கறவன் தப்பாப் பாத்தான்னு அர்த்தம். ஏய் புதுசு, அந்த சாஸ் பொட்டலத்துக்கு வருஷத்துக்கு நாலு கோடி டாலர். உப்புக்கு எவ்ளோ?"

"இன்னும் வேலையே உறுதியாகல அண்ணே."

"அப்ப ஒண்ணு செய். பந்து கோணாப் போச்சுன்னா உடனே உன் நெஞ்சத் தட்டிக்க. என் தப்புன்னு அர்த்தம். எறியறவரு மனசு குளுந்துரும். அடுத்த பந்து உனக்கு வரும்."

"என் தப்பு இல்லன்னாலுமா?"

"அப்பதான்டா முக்கியமாத் தட்டணும்!"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். இவர்களிடையே இது நாளும் நடக்கிற மரியாதை. வண்டியை இடித்துவிட்டு இறங்கும்போது இரண்டு பேரும் கையெடுக்கிற மாதிரி. யாரும் அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வதில்லை. அதாவது, அதுவரை எடுத்துக்கொண்டதில்லை.

4

ஆகஸ்ட் கடைசியில் தொண்ணூறு பேர் ஐம்பத்து மூன்றாகக் குறைக்கப்படுவார்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை, அணியே இரண்டாகப் பிரிந்து மைதானத்தில் ஆடிக்காட்டும். நிருபர்கள் வருவார்கள், குடும்பங்கள் வரும். பெட்டிவேயின் அம்மா பதினாலு மணி நேரம் பேருந்தில் வந்து, மகனின் எண் எழுதிய சட்டையோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

[அம்மாவை உள்ளே கொண்டுவந்தது மலிவான வேலை என்று ஒரு வரைவில் எடுத்துவிட்டேன். ஆனால் அவர் வந்தார். நான் என்ன செய்ய?]

அந்த ஏழு நொடி இதுதான்.

பக்கவாட்டுக் கேமராவில்: பெட்டிவே பத்து கெஜம் ஓடி, நின்று, திரும்புகிறான். பந்து அவன் தலைக்கு மேலே வெகுதூரம் போகிறது. அங்கே எதிராளி மட்டும் நிற்கிறான். அலுங்காமல் பிடித்துக்கொள்கிறான். பார்ப்பவர் எவரும் சொல்வார், ஓட வேண்டியவன் நின்றுவிட்டான் என்று.

பின்கேமராவில்: காவல்காரன் எட்டு கெஜம் பின்னால் தள்ளி நிற்கிறான். மிளகுப் பொட்டலம் எங்கே நின்றால் உப்பு திரும்ப வேண்டுமோ, அங்கேயே. பெட்டிவே திரும்புகிறான். சுற்றிலும் ஆளே இல்லை. கைகளை விரித்து நிற்கிறான். ஹஃப் அந்தக் காவல்காரனை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. தலைக்கவசம் வேறு பக்கம் திரும்பியிருப்பது தெளிவாகத் தெரிகிறது.

அதன்பின் ஹஃப் 'எங்கேடா போனாய்?' என்பதுபோல் இரண்டு கைகளையும் அகல விரித்தான். பெட்டிவே நெஞ்சைத் தட்டினான். இரண்டு முறை. நிருபரின் கேமரா அந்த நேரத்தில்தான் சொடுக்கியது.

ஹஃப் கெட்டவனா? ஒரு வரைவில் அவனுக்குக் குரூரமான சிரிப்பு ஒன்றை வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். நல்ல பையன்தான், துணி துவைக்கிறவர்களுக்குக்கூடக் கிறிஸ்துமஸுக்குப் பரிசு வாங்கித் தருவான். அவன் பார்க்கவில்லை, அவ்வளவே. இந்த உலகத்தில் சிலர் பார்க்காமல் இருந்தாலும், பார்த்தவன்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

5

திங்கள் காலை ஆறே முக்காலுக்கு வாஷ்பர்ன் என் அறைக்கு வந்தார். பந்து பிடிப்பவர்களுக்கான பயிற்சியாளர்.

"ஏழரைக்குக் கூட்டம். சனிக்கிழமை அந்தப் பந்து பறிபோச்சுல்ல, பக்கவாட்டுப் படம் மட்டும் போடு. அவன் நெஞ்சத் தட்டறதையும் சேத்துக்க."

"பின்கேமராவுல வேற மாதிரி இருக்கு கோச். நீங்க ஒருவாட்டி—"

"பாத்துட்டேன்."

அவர் பார்த்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தெரியாமல் செய்தவரை ஒரு பக்கத்தில் மன்னித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடலாம்.

"பாரு, சீசனுக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு. எறியறவன் மேல இவனுங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சுன்னா எல்லாம் போச்சு. அந்தப் பையன் எப்படியும் இருப்பானா போவானான்னு கோட்டு மேல நிக்கறவன். ஒருத்தன் போறதா, எல்லாரும் போறதா?"

[இந்த இடத்தில் நான் எழுதிய வசனம்: "அது நியாயமில்ல கோச்." நன்றாக இருக்கிறது, இல்லையா? நான் அதைச் சொல்லவில்லை. நான் சொன்னது: "எத்தனை நொடி வேணும்?"]

வெட்டினேன். ஏழரைக்கு விளக்கை அணைத்தார்கள். வாஷ்பர்ன் கையிலிருந்த லேசரின் சிவப்புப் புள்ளி திரையில் பெட்டிவேயின் காலைச் சுற்றியது, பிறகு மேலே ஏறி அவன் கையில் நின்றது.

"மகனே, உன் கை அங்க என்ன பண்ணுது?"

"நெஞ்சத் தட்டறேன், சார்."

"எதுக்கு?"

கடைசி வரிசையில் கணினிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு பொத்தானை அழுத்தினால் போதும், பின்கேமரா. குவின்சி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தப்புன்னு, சார்."

"கேட்டுக்கிட்டீங்களா? இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். மரியாதைக்குச் செய்ததைக் குற்றப்பத்திரிகையாகத் திருப்பிப் படித்தார் அந்த மனிதர். செய்யச் சொல்லிக் கொடுத்தவர்கள் முன்னாலேயே படித்தார். என் விரல் பொத்தானுக்கு ஒரு அங்குலம் தள்ளியே இருந்தது.

6

செவ்வாய்க்கிழமை அவனை அனுப்பிவிட்டார்கள். ஆட்டப் புத்தகம் இருக்கும் பலகைக் கணினியை என்னிடம்தான் திருப்பித் தர வேண்டும். கொண்டுவந்து மேஜையில் வைத்தான். மேலே ஒரு உப்புப் பொட்டலம் ஒட்டியிருந்தது, எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? பின்கேமராவுல எப்படி இருந்துச்சு? நான் திரும்பினது சரியா?"

அவன் நியாயம் கேட்கவில்லை, கவனியுங்கள். வேலையைக் கேட்கவில்லை. தன் கண்ணால் பார்த்ததை நம்பலாமா என்று கேட்டான். மூன்று நாளில் அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தோம்.

முடிவு அ: நான் கதவைச் சாத்திவிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டுகிறேன். அவன் மூன்று முறை பார்க்கிறான். 'அம்மாகிட்ட சொல்லணும்' என்கிறான்.

முடிவு ஆ: கூட்டத்திலேயே அந்தப் பொத்தானை அழுத்துகிறேன். எனக்கும் வேலை போகிறது, இருவரும் ஒரே நாளில் வாசலில் நிற்—

[இதை எழுதும்போது கண் கலங்கியது. என் வீரத்தை நினைத்து நானே.]

முடிவு இ: "சரியா கவனிக்கலப்பா. நூறு துண்டு வெட்டறேன், எல்லாம் ஞாபகம் இருக்கறதில்ல."

மூன்றில் நடந்தது எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். "பரவால்ல மாமா" என்றான். போகும்போது என் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். அறைந்து சாத்தியிருக்கலாம்.

7

இரண்டு வாரம் கழித்து இன்று காலை ஒரு குறுஞ்செய்தி. 'மாமா, நாளைக்கு வேற ஒரு அணியில ஆளெடுப்பு. அந்தப் பேப்பர் போட்டோவப் பத்தி நிச்சயமாக் கேப்பாங்க. என்ன பாத்தன்னு கேப்பாங்க. நான் திரும்பினது சரியா தப்பா? ஒரு வார்த்தை போதும்.'

தப்பு என்று அவன் சொன்னால், ஆட்டம் புரியாதவன் என்று அனுப்புவார்கள். சரி என்று சந்தேகத்தோடு சொன்னால், எறிபவர் மேல் பழி போடுகிறவன் என்பார்கள். நிமிர்ந்து நின்று சரி என்று சொல்ல அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள், பார்த்த ஆள்.

ஒரு வார்த்தை கேட்டான். நான் காலையிலிருந்து உட்கார்ந்து இவ்வளவு எழுதியிருக்கிறேன். அதுவும் அவனுக்கோ வாஷ்பர்னுக்கோ அணியின் வக்கீலுக்கோ ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத மொழியில். என் கோபம் எவ்வளவு பத்திரமான இடமாகப் பார்த்து வெடித்திருக்கிறது பாருங்கள்.

இந்தமாதிரிக் கதைகளில் கடைசியில் முடிவை வாசகர் கையில் கொடுப்பது வழக்கம். கொடுக்கத்தான் இருந்தேன். பிறகு உறைத்தது, என் தப்பை இன்னொருவர் நெஞ்சில் தட்டவிடுகிற அதே வேலைதான் அதுவும். வேண்டாம். உங்களுக்கு இதில் பங்கில்லை. நீங்கள் பார்க்கவில்லை.

போன் பக்கத்தில்தான் இருக்கிறது. 'சரி' என்று தட்டியிருக்கிறேன். அனுப்பவில்லை. அந்தச் செய்தி யார் கையிலாவது சிக்கினால் என்று ஒரு—

நீங்கள் இதைப் படிக்கும்போது நாளை என்பது கடந்துபோயிருக்கும். ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு அறையில், அந்தப் புகைப்படத்தை மேஜைமேல் வைத்து யாரோ அவனிடம் கேட்டிருப்பார்கள். அவன் கை எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.