ரேணுகாவின் கூலிங் கிளாஸ்

மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு வாங்குவதில் சித்தார்த்தனுக்கு நல்ல பெயர் கிடையாது. போன வருஷம் மிக்ஸி வாங்கி வந்தான். "பொறந்தநாளு எனக்கா, இந்த ஊட்டு தேங்கா சட்னிக்கா?" என்று ரேணுகா கேட்டாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "கட்டிக்கிட்டு இத்தினி வருஷமாவுது, என்னிய ஒரு நாளாச்சும் நிமிந்து பாத்திருக்கியா நீ?" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டாள். மிக்ஸி அன்றே அரைக்கத் தொடங்கிவிட்டது. அந்த வார்த்தை மட்டும் அவன் மனதில் அரைபடாமலே கிடந்தது.

ஆகவே இந்த வருஷம் அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்ததில் தட்டுப்பட்டவை அவளுடைய கண்கள். மரக்காணத்து உப்பளத்தில் விடியும் முன்பே இறங்கி உப்பு வாருகிறவள் அவள். வெயில் ஏறியதும் மேலே ஒரு சூரியன், கீழே பாத்திக்கொரு சூரியன் என்றாகிவிடும். வீடு திரும்பும்போது கண்ணிரண்டும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருக்கும். அவனோ ஆரோவில் பக்கம் ஒரு விருந்தினர் விடுதிக்கு வேன் ஓட்டுகிறவன். அங்கே வந்து இறங்குகிறவர்கள் மரத்தடியில்கூடக் கூலிங் கிளாஸைக் கழற்றுவதில்லை. நிழலில் நிற்கிறவர்களுக்கே அது வேண்டியிருக்கிறதென்றால், வெயிலில் குனிந்து நிற்கிறவளுக்கு எவ்வளவு வேண்டும்! நியாயமாகப் பார்த்தால், இதுவரை அவன் மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

குறையெல்லாம் பிறகு வந்தவைதான். பாண்டிச்சேரிக் கடையொன்றில், பெரிய வட்டமும் தேன் நிறமும் ஓரத்தில் மினுக்கும் கல்லுமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். வீட்டிலேயே கொடுத்திருக்கலாம். வெயிலில் வைத்துக் கொடுத்தால்தான் அதன் அருமை தெரியும் என்று தீர்மானித்து, பிறந்தநாளன்று லீவு போட்டுவிட்டு, பைக்கில் உப்பளத்துக்கே போய் இறங்கினான்.

"இன்னாங்க, இந்நேரத்துல?" என்றாள் ரேணுகா. நாலு பேர் முன்னால் அவள் எப்போதும் 'நீங்க'தான்.

"கண்ண மூடு."

"மூடினா பாத்தியில வுழுந்துடுவேன். குடுக்கறத குடுங்க."

"மூடிக்க யக்கா, அண்ணன் ஆசயா வந்து நிக்குது" என்று பக்கத்துப் பாத்தியிலிருந்து குரல் கொடுத்தாள் ஆரோக்கியசெல்வி. ரேணுகாவோடு சேர்ந்து உப்பு வாருகிறவள், எதிர்வீட்டுக்காரியும்கூட. கைக்கு இணையாக வாயும் ஓடும்.

சித்தார்த்தன் தன் கையாலேயே மாட்டிவிட்டான். சேலைக்கு மேல் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, முழங்கால் வரை சேறு, இவற்றுக்கெல்லாம் மேலே கல் பதித்த கண்ணாடி. உப்பளமே நிமிர்ந்து பார்த்தது.

"யக்கா," என்றாள் ஆரோக்கியசெல்வி, "ஆபரேஷன் எப்ப முடிஞ்சுது? கட்டு பிரிச்சிட்டாங்களா?"

கண் முகாமுக்குப் போய்த் திரும்பும் கிழவர்களின் கறுப்புக் கண்ணாடி எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. பாத்திக்குப் பாத்தி சிரிப்பு பரவியது. ரேணுகாவும் சிரித்தாள், ஆனால் கழற்றவில்லை. "சும்மா இருங்கடி. கண்ணுக்கு குளுகுளுன்னு இருக்குது" என்றாள். சித்தார்த்தனுக்கு மிக்ஸியின் பாவம் தீர்ந்தது போலிருந்தது.

அந்த நிம்மதி, அவள் பலகையைப் பிடித்து உப்பை இழுக்கும் வரையில்தான் நிலைத்தது. பாத்தியில் உப்பு மேலே. சேறு ஒரு விரற்கடை கீழே. வெள்ளை எங்கே மங்குகிறதோ அங்கே பலகையை லேசாகத் தூக்கிவிட வேண்டும். ரேணுகா குவிக்கும் உப்பு அம்பாரம் அந்த வரிசையிலேயே வெள்ளையானது. ஏற்ற வருகிற லாரிக்காரர்கள் கேளாமலே கண்டுகொள்வார்கள். தேன் நிறக் கண்ணாடிக்கோ உப்பும் ஒன்றுதான், சேறும் ஒன்றுதான். அவள் மளமளவென்று வாரி, கூடையில் அள்ளிக்கொண்டுபோய் அம்பாரத்தின் உச்சியில் கொட்டினாள்.

"யக்கா, கண்ணாடிய கழட்டிப் பாரு" என்றாள் ஆரோக்கியசெல்வி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

ரேணுகா கழற்றினாள். வெள்ளைக் குவியலின் தலையில் சேற்றைக் கரைத்து ஊற்றியது போலிருந்தது. கண்ணாடியை மடித்துக் கணவன் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. பத்திரமா வெச்சிக்கோங்க."

"நீ போட்டுக்க அண்ணா," என்றாள் ஆரோக்கியசெல்வி, "அம்பாரம் கெட்டது தெரியாது."

வேலை முடியும் வரை அவன் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தான். அவளோ சேறுபட்ட உப்பைக் கையால் அள்ளி அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தாள். மிக்ஸியே தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. அது யாருடைய பெயரையும் கெடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கின் பின்னாலிருந்து கேட்டாள்.

"கோவமா?"

"இல்ல."

"கோவந்தான். நீ பிரேக் புடிக்கறதுலயே தெரியுது. எதுக்கு அத வாங்கன?"

"கண்ணு செவந்து செவந்து வருது இல்ல?" என்றான் சாலையைப் பார்த்தபடி. "இடது கண்ணுலதான் ஜாஸ்தி. என் சட்டைக் கையாலயே தொடச்சிக்கிற. அது பூரா உப்பு. அதான் இன்னும் எரியுது."

ரேணுகா பின்னாலிருந்து எட்டி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எப்ப பாத்த?"

"தெனமும்தான்."

"தெனமும் பாத்துட்டு வாய மூடிக்கினு இருந்தியா? இத வாயத் தொறந்து சொல்லியிருந்தா கடைக்காரனுக்கு குடுத்தது மிச்சம்."

குரல் என்னவோ திட்டுகிற குரல்தான். ஆனால் அதுவரை பின்கம்பியைப் பிடித்திருந்த கை அவன் தோளுக்கு வந்திருந்தது.

மாலையில் கடைக்குப் போய்த் திரும்பியவன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். ரேணுகா அரிவாள்மனை முன் உட்கார்ந்து மீன் குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் கல் பதித்த கூலிங் கிளாஸ்.

"ஒரு சொட்டு தண்ணி வரல, தெரியுமா?" என்றாள். "வெங்காயம் சேறாட்டம் தெரிஞ்சா இன்னா, கொழம்புக்குத்தானே போவுது."

எதிர்வீட்டு ஜன்னலில் ஆரோக்கியசெல்வியின் தலை தெரிந்தது. "இன்னா யக்கா, உள்ளயும் வெய்யிலா?"

"ஆமாண்டி. என் பொறந்தநாளு, என் வெய்யிலு. நீ போய் வேலையப் பாரு."

சித்தார்த்தன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். அந்தத் தேன் நிற வட்டங்கள் இரண்டிலும் கண்ணுக்கொரு சித்தார்த்தன் அசட்டுச் சிரிப்போடு நின்றிருந்தான்.

"இன்னா, அப்படி பாக்கற?"

"நிமிந்து பாக்கறேன்" என்றான்.

"குனிஞ்சிதான் நிக்கற," என்றாள் ரேணுகா. "குனிஞ்ச வாக்குல அந்தப் பூண்ட உரி."