நொண்டிச் சாக்கு

பாப்பாவுக்கு அருவருப்பு என்றால் என்னவென்றே தெரியாது என்று சொந்தபந்தம் முழுக்க நம்பியது. காரணம் அவள் பார்த்த வேலை. ரத்தம், சளி, சிறுநீர், மலம் என்று ஊரார் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து கொடுப்பதையெல்லாம் கைநீட்டி வாங்கி, கண்ணாடித் துண்டில் தடவி, உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லும் பரிசோதனைக் கூடத்தில் அவள் இருந்தாள். "எப்படிடி அந்தக் கையாலேயே சோறு திங்கிற?" என்று பெற்ற அம்மாவே கேட்பாள். பாப்பா சிரிப்பாள். உடம்பு என்று ஒன்று இருந்தால் அழுக்கும் இருக்கத்தான் செய்யும், அதற்குப் போய் முகம் சுளிப்பானேன் என்பது அவள் கட்சி. பாப்பா என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். முப்பத்தைந்து வயதாகியும் அது உதிர்ந்தபாடில்லை.

அப்படிப்பட்டவளுக்கு விமான நிலையத்தில் குமட்டிக்கொண்டு வந்தது.

தன் மகனுக்குக் கல்யாணம், அக்காமார் இரண்டு பேரும் வந்தே தீரவேண்டும் என்று வெளிநாட்டிலிருந்த மாமா டிக்கெட்டுக்குப் பணம் அனுப்பியிருந்தார். துணைக்குப் பாப்பா. பெரியம்மாவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போயிருந்தது. போதாததற்குப் போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, தகடு வைத்துத் திருகியிருந்தார்கள். கைத்தடி ஊன்றிப் பத்தடி நடப்பாள், நிற்பாள், யாரையாவது திட்டுவாள், மறுபடி பத்தடி நடப்பாள். கல்யாணம் கட்டாமல் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "நான் உட்கார்ந்த இடத்துல இருந்தே ஊரைப் பேச வச்சவடி" என்று பெருமை வேறு.

அவளுக்கு வீல்சேர் சொல்லிவைத்தபோது பாப்பாவின் அம்மா டிக்கெட் போடுகிறவனிடம், "தம்பி, எனக்கும் ஒண்ணு போடு. என் முட்டியும் முன்ன மாதிரி இல்ல" என்றாள்.

பாப்பா திரும்பிப் பார்த்தாள். தினமும் காலையில் பூங்காவை ஆறு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, "என் வயசுல எவடி இப்படி நடக்குறா?" என்று சவால் விடுகிற முட்டி அது.

"உனக்கு எதுக்கும்மா?"

"வரிசையில நிக்க வேண்டாம், பெட்டி தூக்க வேண்டாம், விமானத்துல முதல்ல ஏத்திடுவான். சும்மா கொடுக்கிறதை வேண்டாங்கிறதுக்கு நான் என்ன பைத்தியமா? எல்லாரும்தான் கேக்குறாங்க."

எல்லாரும்தான் கேட்டிருந்தார்கள். அன்று விமான நிலையத்தில் வீல்சேர் வேண்டுமென்று காத்திருந்த கூட்டத்தைப் பார்த்தால் ஊரில் காலோடு இருப்பவர்களே குறைவோ என்று தோன்றும். ஒரு பெரியவர் தன் பேரனை விரட்டிப் பிடித்துக்கொண்டுவந்து, மூச்சிரைக்கத் தன் முறைக்காக உட்கார்ந்தார்.

பெட்டிகளைப் போட்ட இடத்தில், கவுண்டரிலிருந்த பெண் மூன்று பேருடைய பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் மொத்தமாக நீட்ட, அம்மா வாங்கித் தன் கைப்பையில் திணித்துக்கொண்டாள். சீருடை போட்ட ஊழியர் ஒருவர் நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இப்போதைக்கு ஒண்ணுதாங்க இருக்கு. இன்னொண்ணு வந்துடும். முதல்ல யாரு?"

பெரியம்மா கைத்தடியை மாற்றிப் பிடித்து ஓரடி எடுத்து வைப்பதற்குள் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கால் வைக்கும் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாப்பா அதைக் கண்ணால் பார்த்தாள். பார்த்ததை நம்பத்தான் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அம்மா! பெரியம்மா நிக்கிறாங்க."

"அதான் இன்னொண்ணு வருதே. அக்காவுக்கு என்னடி, சின்ன வயசுல இருந்து சமாளிச்சுப் பழக்கம். எனக்குத்தான் பழக்கமில்ல." ஊழியரைப் பார்த்து, "நீங்க தள்ளுங்க தம்பி. நான் போய் இடம் போட்டு வைக்கிறேன்" என்றாள்.

நாற்காலி போயே போய்விட்டது.

பெரியம்மா அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றாள். "வண்டியில போறவளுக்கு என்ன இடம் போட வேண்டியிருக்கு?" என்று கேட்டாள். பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

உட்கார இடம் தேடினார்கள். சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய நாலு இருக்கைகளில் ஒன்றில் ஒருவன் செருப்பைக் கழற்றிப் போட்டுக் காலை நீட்டிக் கைப்பேசிக்கு மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தான். மற்ற மூன்றிலும் அவன் பைகள் சொகுசாக உட்கார்ந்திருந்தன. பாப்பா கேட்டதும் ஒரு பையை மட்டும், ஏதோ சொத்தில் பங்கு பிரித்துக் கொடுப்பதுபோல, எடுத்தான்.

பெரியம்மா உட்கார்ந்த கையோடு மெதுவாகச் சொன்னாள். "பாப்பா, எனக்கு அவசரமா போகணும்டி."

நடக்க முடியாதவர்களுக்கான கழிப்பறை பக்கத்தில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கடக்கப் பெரியம்மா மூன்று தடவை நின்றாள். கதவு பூட்டியிருந்தது. பாப்பா தட்டினாள்.

"ஆள் இருக்கு!" என்று அதட்டல் கேட்டது. உள்ளே தண்ணீர் ஓடியது, ஏதோ பாட்டை முணுமுணுப்பதும் கேட்டது. பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். பாப்பா மறுபடி தட்டினாள், பிறகு குத்தினாள். கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வாட்டசாட்டமான ஓர் ஆள் வந்தான். வழவழவென்று சவரம் செய்த தாடை, புதுச் சட்டை, கையில் உருட்டுப் பெட்டி, ஆளுக்கு முன்னால் வரும் சென்ட் வாசம்.

"உள்ள நல்லா விசாலமா இருக்கும்ல, அதான்" என்றான், அவளும் வந்து அனுபவிக்கட்டும் என்பது போல.

உள்ளே தொட்டி நிறைய மயிர். உட்காரும் வளையத்தைத் தூக்காமலே போயிருந்தான். பிடித்துக்கொள்ளும் கம்பியில் சோப்பு நுரை. பாப்பா காகிதத்தை உருவி உருவித் துடைப்பதற்குள் பெரியம்மாவால் அடக்க முடியவில்லை. புடவையின் கீழ்ப்பாதி நனைந்துவிட்டது.

பெரியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாப்பா அவளை உட்காரவைத்து, புடவைக் கொசுவத்தை உருவித் தண்ணீரில் அலசிப் பிழிந்து, கை காயவைக்கும் சூட்டுக்காற்றில் பிடித்தாள். காலைத் துடைத்துவிட்டாள். சூம்பிய கால் சின்னப் பிள்ளையின் கால்போலச் சில்லென்று இருந்தது.

"உனக்கு இதெல்லாம் தலையெழுத்தாடி?" என்றாள் பெரியம்மா.

"எனக்கு இது வேலை பெரியம்மா. மாசாமாசம் சம்பளம் குடுக்குறாங்க."

உண்மையாகவே அந்த ஈரத்தில் அவளுக்கு அருவருப்பு இல்லை. அந்த வழவழப்புத் தாடையை நினைத்தபோதுதான் அது தலைதூக்கியது. அந்தத் தாடைக்குப் பின்னாலேயே நாற்காலியில் சம்மணம் கொட்டாத குறையாக உட்கார்ந்திருந்த அம்மாவின் முகமும் வந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பெற்றவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நினைப்பு நகரவில்லை.

வெளியே வந்தார்கள். இரண்டாவது நாற்காலி வந்து, கேட்பாரில்லாமல் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போயிருந்தது. பாப்பா அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, பாஸ்போர்ட் எல்லாம் உன்கிட்ட இருக்கு. எடுத்துக்கிட்டு உள்வாசலுக்கு வா. இல்லாட்டி எங்களை உள்ள விட மாட்டான்."

"நான் எப்படிடி வர்றது? தள்ளிட்டு வந்தவன் என்னை இங்க விட்டுட்டு எங்கேயோ போயிட்டான்."

"எந்திரிச்சு நடந்து வாம்மா!"

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அறிவிருக்காடி உனக்கு? நடக்க முடியாதுன்னு சொல்லித்தானே உட்கார்ந்திருக்கேன். இப்ப எந்திரிச்சு நடந்தா சுத்தி இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? கேவலம்."

பாப்பா போனைக் காதிலிருந்து எடுத்து, அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல ஒரு தடவை பார்த்தாள்.

"என்னவாம்?" என்றாள் பெரியம்மா. பாப்பா சொன்னாள். பெரியம்மா பக்கத்தில் கிடந்த பெட்டி வண்டியைத் தடியால் தட்டிக் காட்டினாள். "அதைக் கொண்டா. என்னை அதுல ஏத்து."

"பெரியம்மா, விழுந்துடுவீங்க."

"நாற்பது கிலோ பெட்டி விழாம போகுது, நான் விழுந்துடுவேனா? கொண்டாடி."

அப்படியாகப் பெரியம்மா பெட்டி வண்டியில், கைத்தடியைச் செங்கோல்போலப் பிடித்துக்கொண்டு, விமான நிலையத்தின் நடுவே பவனி போனாள். வழிவிட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள், ஒருவன் படம் பிடித்தான். உதவட்டுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. உள்வாசலில் காவலர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஆளை எல்லாம் இதுல ஏத்தக் கூடாதும்மா."

"மூட்டைன்னு நினைச்சுக்கோங்க சார். வீட்டுல அப்படித்தான் நினைக்கிறாங்க" என்றாள் பெரியம்மா.

காவலர் பாஸ்போர்ட் கேட்டார். பாப்பா கயிற்றுக்கு அப்பால் கையைக் காட்டினாள். கூப்பிடு தூரத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, காலில் புது நடைப்பயிற்சிக் காலணி. காவலர் அவளைப் பார்த்து, "அம்மா, இவங்க பாஸ்போர்ட்டைக் கொண்டாந்து குடுங்க" என்று சத்தம் போட்டார். அம்மா சோகமாகச் சிரித்து, முட்டியைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். பக்கத்து வரிசையில் ஓர் அம்மாள் 'பாவம்' என்று உச்சுக்கொட்டினாள்.

அந்த உச்சுக்கொட்டலை அம்மா தலையசைத்து வாங்கிக்கொண்டதைப் பார்த்ததும் பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் பெரியம்மா கத்திவிட்டாள்.

"ஏய்! உன் சேருக்கு அடியில கரப்பான்டி! ரெண்டு! புடவையில ஏறுது பாரு!"

அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எகிறினாள். சும்மா எழவில்லை, இரண்டு காலும் தரையைவிட்டு எழும்பக் குதித்தாள். குதித்து, புடவையை முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'தை தை' என்று நாலைந்து தப்படி ஓடி, கயிற்றருகே வந்துதான் நின்றாள். வரிசை மொத்தமும் கொல்லென்று சிரித்தது. உச்சுக்கொட்டிய அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாப்பாவுக்கு மறக்கவே இல்லை. அம்மா சுற்றிலும் பார்த்தாள். மெல்லக் குனிந்தாள். "ஐயோ, முட்டி!" என்று முனகிக்கொண்டு காலைப் பிடித்தாள். சற்றுமுன் தொட்டுக் காட்டியது வலது முட்டி. இப்போது பிடித்தது இடது.

அந்த நேரம் பார்த்து நாற்காலி தள்ளும் ஊழியர் இன்னொரு நாற்காலியோடு வந்து சேர்ந்தார். நிலைமையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆஸ்பத்திரியில நடக்காத அதிசயமெல்லாம் இங்கதாங்க தினம் நடக்குது" என்று காவலரிடம் சொல்லிவிட்டு, பெரியம்மாவை வண்டியிலிருந்து தூக்கி உட்காரவைத்தார். அம்மா விந்தி விந்திப் போய்த் தன் நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள். ஆமாம், மறுபடி உட்கார்ந்தாள்.

காவலர் வழிவிட, பாப்பா போய் அவள் கைப்பையைத் திறந்து மூன்று பாஸ்போர்ட்டையும் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

விமானத்தில் அம்மா ஜன்னலோரம் பிடித்து, சாப்பாடு முடிந்ததும் வாயைத் திறந்து தூங்கிப்போனாள். பெரியம்மா பாப்பாவின் பக்கம் சாய்ந்தாள்.

"சின்ன வயசுலயும் இவ இப்படித்தான். எனக்குக் காய்ச்சல் வந்து கால் போன வருஷம் எங்கம்மா என்னை இடுப்புல இருந்து எறக்கவே மாட்டா. இவ பார்த்துக்கிட்டே இருந்தா. ஒரு நாள் காலையில இவளும் நொண்டிக்கிட்டே வந்தா. என்னை மாதிரியே, அச்சு அசலா. ஒரு வாரம் நொண்டினா. எங்கப்பா ஒண்ணு வச்சாரு, சரியாப் போச்சு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சொன்னேன்."

பாப்பா அந்தச் சின்னப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட முயன்று பார்த்தாள். தூங்குகிற வாயைப் பார்த்தாள். வரவில்லை.

இறங்கிய இடத்தில் இரண்டு நாற்காலிகள் தயாராக நின்றன. பாப்பா நேராகப் போய், "ஒண்ணு போதுங்க. இவங்களுக்கு மட்டும். அவங்க நல்லா நடப்பாங்க" என்றாள்.

"ஏய், அப்ப நான்?" என்றாள் அம்மா.

"நீ நடந்து வா. இந்தா உன் பாஸ்போர்ட்."

"முட்டி வலிக்குதுடி. நெஜமாவே வலிக்குது."

"எந்த முட்டி?"

பெரியம்மா, "பாப்பா, பாவம்டி, அவளையும் கூட்டிட்டு வா" என்று திரும்பித் திரும்பிச் சொல்ல, பாப்பா நாற்காலியோடு தனிவழியில் நடந்தாள். கடைசியாகப் பார்த்தபோது அம்மா பாஸ்போர்ட் சோதிக்கும் இடத்தில் பாம்புபோல மடிந்து கிடந்த பெரிய வரிசையின் வாலில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் வெளியே வருவதற்குள் மாமா வாசலையே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டார். வந்தவள் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகள் நடுவழியில் விட்டுவிட்டுப் போன கதையை வண்டியிலேயே ஆரம்பித்து வீடுவரை சொன்னாள். கரப்பான்பூச்சி அந்தக் கதையில் இல்லை. "பெத்த தாயை இப்படியா விட்டுட்டு வருவ? படிச்ச பொண்ணு" என்று மாமா கண்டித்தார். அத்தை பார்த்த பார்வையில் கண்டிப்பு இன்னும் அதிகம் இருந்தது. நடந்ததைச் சொல்லப் பாப்பா வாயெடுத்தாள். சொன்னால், பெரியம்மாவின் நனைந்த புடவையிலிருந்து சொல்லவேண்டும். வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போனபோது, அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அம்மா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பெரியம்மா, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நல்ல காலை மடக்கி, சூம்பிய காலை ஒரு பக்கமாகப் போட்டுக் கீழே உட்கார்ந்து, தங்கையின் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திக்கா" என்றாள் அம்மா, கண்ணை மூடியபடி.

"வீங்கின மாதிரிதான் இருக்குடி" என்றாள் பெரியம்மா.

வீங்கியிருக்கலாம், வீங்காமலும் இருக்கலாம். தொட்டுப் பார்த்தால் பாப்பாவுக்குத் தெரிந்துவிடும். தொட அவளுக்குப் பிடிக்கவில்லை. தைல வாசம் மூக்கில் ஏறியது. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, எதையும் தொடாத கையைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினாள்.