பூட்டிய கதவுக்குள் ஒரு தாய்

பால்புட்டி சுவரில் மோதித் தெறித்தது. அடுத்து டம்ளர். அதற்கும் அடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடி. நசுங்கிய கார்களைத் தட்டி நேராக்கும் டிங்கர், பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தார். பாயில் கைக்குழந்தை கத்திக்கொண்டு கிடந்தது. அறைக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. பெற்றவள் உள்ளே.

"பாத்தியாடா உன் பொண்டாட்டி லட்சணத்த!" என்றாள், பிரசவத்துக்கு ஒத்தாசையாக வந்திருந்த அவருடைய அக்கா. "நானும் மூணு பெத்தவதான். ஒரு நாளாவது இப்படி ஆடியிருப்பேனா? எல்லாம் கொழுப்பு. ரெண்டு போட்டா தெளிஞ்சிடும்."

பிள்ளை பெற்றதிலிருந்தே டிங்கரின் மனைவி சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, காரணமே இல்லாமல் அழுதாள். அந்த வீட்டில் யார் கண்ணிலும் அது படவில்லை.

டிங்கருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுத்தியலால் அடித்துக் கதவைப் பிளந்தார். உள்ளே தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. மூலையில் நின்றவளை முடியைப் பிடித்து இழுத்து அறைந்தார். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. மறுபடியும் அறைந்தார். தகரத்தைத் தட்டித் தட்டிப் பழகிய கை, மனுஷியும் தகரம் என்று நினைத்துவிட்டது.

"பெத்த தாயாடி நீ? புள்ள தொண்ட வத்திக் கத்துது, நீ கூத்தடிக்கிறியா?"

அக்கா குழந்தையைத் தூக்கி வந்து அவளிடம் திணிக்கப் போனாள். அவள் அலறினாள்.

"வேணாம் அண்ணி! என் கையில குடுக்காதீங்க! அவன் அழுதா தலகாணிய வச்சு அமுக்குன்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. இப்ப தலகாணிய எடுத்தே எடுத்துட்டேன். பயந்துபோய் அவன வெளிய விட்டுட்டு என்னைப் பூட்டிக்கிட்டேங்க. அடிங்க, கொன்னுகூடப் போடுங்க. என் புள்ளைய மட்டும் தூரமா வச்சிடுங்க!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பாவி மனுஷன்! பிள்ளையைக் காப்பாற்றத் தன்னைத்தானே அடைத்துக்கொண்டவளைப் போய் அடித்திருக்கிறார்.

"பேய் கீய் புடிச்சிருக்குமோ?" என்று அக்கா முனகினாள்.

"வாய மூடுக்கா!" என்று அதட்டினார் டிங்கர். தோள்துண்டால் மனைவியின் உதட்டைத் துடைத்தார். "பிரசவத்துக்கப்புறம் மனசுக்கும் நோவு வரும், வந்தா உடனே கூட்டிட்டு வாங்கன்னு டிஸ்சார்ஜ் அன்னைக்கே நர்ஸம்மா சொன்னாங்க. நான்தான் ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுட்டேன். இது திமிரு இல்லக்கா, நோய். நோய்க்கு வைத்தியந்தான் பாக்கணும், அடிக்கக் கூடாது. இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், புள்ளைய நீ பாத்துக்க. அவ வாய்விட்டுச் சொன்னாளே, அதுக்கு அவளக் கையெடுத்துக் கும்பிடணும். நாம அடிக்கிற அடிக்குப் பயந்து சொல்லாம இருந்திருந்தா, இந்நேரம் நம்ம வீட்ல ரெண்டு பொணம் கெடக்கும்."