பால்மரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே

ஒரு காட்சியிலிருந்து இன்னொரு காட்சிக்குக் கண்ணியமாகப் போகும் வழியை மனிதகுலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அது 1957 ஆகஸ்டு இருபத்து நான்காம் தேதிக்குள், மலாக்கா காஜா பெராங்கில், எங்கள் இளைஞர் சங்கத்தின் பின்னறையில் கண்டுபிடிக்கப்படும். இப்படி அறிவித்தவன் அண்ணாமலை. சங்கத் தலைவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

சுதந்திர நாள் விழாவில் மூன்று நிமிடச் சித்திரப் படம் ஒன்று காட்டுவதாக ஏற்பாடு. கேமராவை இரவல் வாங்கியவன் அண்ணாமலை. படங்களை வரைந்தவள் பாக்கியலட்சுமி, தெருமுனை அரிசிக்கடைக்காரர் மகள். ஆறு மாதமாக, கடை வேலை முடிந்த பிறகு, இருநூற்றுப் பதினொரு படங்கள் வரைந்திருந்தாள். ரப்பர் தோட்டத்துப் பால்மரம் பள்ளிக்கூடமாக மாறும் துண்டை மட்டும் சனிக்கிழமை செயற்குழு பார்க்கும். அது தேறாவிட்டால் மூன்று நிமிடமும் துணைச் செயலாளரின் உரைக்குப் போய்விடும். அவர் உரையை எழுதி மனப்பாடமும் செய்துவிட்டார்.

மாற்றும் முறை எளிது. கேமரா மேசையைக் குனிந்து பார்த்தபடி நிற்கும். மரப் படத்தின்மேல் ஒரு கறுப்பு அட்டை இடமிருந்து வலமாக ஊரும். மேசையில் பாக்கியலட்சுமி போட்ட இருபத்து நான்கு கோடுகள்; ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு தடவை கேமராவைச் சொடுக்க வேண்டும். மரம் முழுக்க மறைந்ததும் லென்ஸை மூடி, கைப்பிடியை இருபத்து நான்கு சுற்று பின்னோக்கிச் சுற்றி, பிலிமைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு பள்ளிக்கூடப் படத்தை வைத்து, அதே கோடுகளில் அட்டையை மெல்ல விலக்கினால், திரையில் மரம் போகப் போகப் பள்ளிக்கூடம் வரும்.

சுற்றுகளைக் காட்டக் கேமராவில் ஒரு முள் உண்டு. அது ஜப்பான்காரன் போன நாளிலிருந்து நாற்பத்தொன்றிலேயே நிற்கிறது. அதனால் வாயால்தான் எண்ண வேண்டும்.

"நான் எண்ணட்டுமாண்ணே? கடையில தினமும் எண்றதுதானே" என்றாள் பாக்கியலட்சுமி.

"எப்படி எண்ணுவே?"

"லாபம், ரெண்டு, மூணு..."

அண்ணாமலை கைப்பிடியை விட்டுவிட்டுச் சிரித்தான். காந்தாங் என்ற மலாய்ப் படியால் அரிசி அளக்கும் கடைகளில் முதல் அளவை 'ஒன்று' என்று சொல்வதில்லை, 'லாபம்' என்பார்கள். அவனுடைய அப்பச்சியும் அப்படித்தான் எண்ணுவார்.

"பன்னண்டு நாள்ல நாடு சுதந்திரம் அடையப் போகுது. இன்னும் லாபமாம். விஞ்ஞானம் ஒன்றுல ஆரம்பிக்குது, பாக்கியம்."

விஞ்ஞானம் எண்ணியது. ஜாலான் துக்காங் எமாஸில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பொன்னுதுரை பிலிமைக் கழுவித் தந்தார். சுவரில் ஓட்டிப் பார்த்தோம். மரம் போயிற்று, பள்ளிக்கூடம் வந்தது. இரண்டுக்கும் நடுவே கரிய பட்டை ஒன்று, எவருடைய அழைப்புமின்றி, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து போனது.

"மருந்துல ஏதோ கலந்திருக்கு" என்றான் அண்ணாமலை.

"தம்பி, மருந்து பிழையெண்டால் முழுப் பிலிமும் பழுதாகும்" என்றார் பொன்னுதுரை. "என்ர மருந்துக்குக் கோடு கீறத் தெரியாது."

அடுத்த சந்தேகம் மேசைமேல். பாக்கியலட்சுமி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அடிக்கோலால் கோடுகளை அளந்தான். இருபத்து நான்கும் சரியாக இருந்தன. அது அவன் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. அடுத்தது நான், மேசையை உதைத்திருக்கலாமாம். உதைத்திருக்கலாம்தான் என்று நானும் ஒப்புக்கொண்டேன். மறுத்தால் இரண்டு நாள் போய்விடும்.

கடைசியில் அவன் என்னை வாசலுக்கு இழுத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினான். "டேய் தியாகு, துணைச் செயலாளர் எந்தக் கடையில அரிசி வாங்குறார்?"

"பாக்கியம் கடையில. ஊரே அங்கதானே வாங்குது."

"அதைத்தான் சொல்றேன்."

ஆறு மாத உழைப்பைத் தானே கெடுத்துக்கொள்வதில் அவளுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன். அதுதான் அவளுடைய சாமர்த்தியம் என்றான்.

இரண்டாம் தடவை எடுக்கும்போது அவள் கையைக் கண்காணிப்பது என் பொறுப்பு. ஐந்து நிமிடத்தில் அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"என் கையையா பாக்கறே தியாகு? அது சும்மாதானே கிடக்கு. சுத்துற கையைப் பாரு லா."

பார்த்தேன். அண்ணாமலை கைப்பிடியைப் பிடித்தான். "ஒன்று" என்றான். கை அசையவில்லை. "இரண்டு" என்றபோதுதான் முதல் சுற்று சுற்றியது. "இருபத்து நான்கு" என்று அவன் கம்பீரமாக முடித்தபோது கேமரா இருபத்து மூன்று சுற்றுதான் கண்டிருந்தது. பள்ளிக்கூடம் மரத்துக்கு ஒரு கோடு பிந்தியே வந்தது; சுவரில் மறுபடியும் அதே பட்டை நடந்தது.

சொன்னேன்.

"உன்னை எவ்வளவுக்கு வாங்கினாங்க?" என்றான்.

"அண்ணே," என்றாள் பாக்கியலட்சுமி, "அரிசி சாக்குல விழுந்த பிறகுதான் நாங்க லாபம்னு சொல்வோம். விழாம சொன்னா வாங்க வந்தவங்க சும்மா விடுவாங்களா?"

"அரிசி வேற, கலை வேற."

அவள் பால்மரத்தையும் பள்ளிக்கூடத்தையும் மேசைமேல் வைத்து, மற்ற படங்களைத் துணியில் கட்டினாள். "இன்னும் ஒரு தடவைக்குத்தான் பிலிம் இருக்கு. நாளைக்கு நான் வரல. நான் இல்லாமலும் பட்டை வந்தா யாரைச் சொல்றீங்கன்னு பாக்கறேன்." குரல் உயரவில்லை. முடிச்சை மட்டும் இரண்டு தடவை போட்டாள்.

வியாழக்கிழமை மாலை அண்ணாமலை கதவைத் தாழிட்டான். சன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தான். மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"நீ சுவத்தைப் பாத்து நில்லு. கையைத் தலைமேல வை."

நின்றேன். முதுகுக்குப் பின்னால் அட்டை ஊர்ந்தது, கேமரா சொடுக்கியது, இருபத்து நான்கு தடவை. லென்ஸை மூடும் சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. தெருவில் யாரோ விழாவுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பழிபோட அறையில் நான் மட்டும்தான், நானும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கைப்பிடி ஒரு முழுச் சுற்று சுற்றி நின்றது.

அதன் பிறகே, எனக்குக் கேட்கக் கூடாதென்று தொண்டைக்குள்ளேயே நிறுத்தப்பட்ட குரலில், அண்ணாமலை சொன்னான்:

"லாபம்."